மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை, ஒரே வாரத்தில் கறுத்த ஆயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஆயில் நிறம் பற்றியவையாகத்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு விஷயம் உண்டு: வண்டி தினமும் ஓடுகிறது, ஆனால் ஒரு ஓட்டத்துக்கு நாலைந்து கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

பெட்ரோல் கார். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று 2 கி.மீ.க்குள்தான் ஓட்டம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா? (உதகை)

கொஞ்சம் பொறுங்கள். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்து வெளுக்கும், மெக்கானிக் சந்தேகப்படுவது அதைத்தான். முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அதில் ஆயில் வழக்கமான பழுப்பு நிறத்தில், தெளிவாக இருந்து, பசை மூடியில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் வெறும் ஈரம்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலோடு சேரும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். உங்கள் வண்டியில் ஆயில் சூடாவதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நெடுநேரம் ஆகும். மார்கழியில் உறைபனி விழும் ஊரில் கேட்கவே வேண்டாம். எஞ்சினின் மேல்பகுதியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும் இடம் அந்த மூடிதான், அதனால் ஆவி அங்கே படிந்து ஆயிலோடு குழைந்து பசையாகிறது.

மூடியைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை வண்டியை அரைமணி நேரமாவது விடாமல் ஓட்டுங்கள். குன்னூர் போய் வாருங்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லை, ஆயிலும் சூடாகாது. திரும்பி ஏறும்போதுதான் பலன். பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் பசை குறைந்திருக்கும்.

கூடவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனாலோ, டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். அப்போதும் நேரே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. கூலன்ட் பாதைக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும், நிறம் மாறும் திரவமும் உண்டு. இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல் கேஸ்கெட் போச்சு என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

110 சிசி ஸ்கூட்டர். சர்வீஸில் வடித்த ஆயில் பால்காபி மாதிரி வந்தது. இதிலும் ஹெட் கேஸ்கெட்டா? (திருச்சி)

உங்களுடையது காற்றில் குளிரும் எஞ்சின். அதில் கூலன்ட்டே கிடையாது, அப்புறம் எங்கிருந்து கசியும்? தண்ணீர் வெளியிலிருந்து வந்திருக்கிறது, அல்லது குறைந்த தூர ஓட்டத்தில் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. வாட்டர் வாஷில் டிப்ஸ்டிக் மூடிக்கு நேராக பம்பைப் பிடிப்பதும், மூடியின் ரப்பர் வளையம் நைந்துபோய் இருப்பதும் நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள். வளையத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றி, அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் இன்னொரு முறை மாற்றுங்கள். ஒரு லிட்டருக்கும் குறைவாகப் பிடிக்கும் வண்டி, கையைக் கடிக்காது. (தண்ணீரில் குளிரும் ஸ்கூட்டர்களும் இப்போது வருகின்றன. ரேடியேட்டர் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.)

டீசல் கார். ஆயில் மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பழைய ஆயிலையே விட்டு ஏமாற்றிவிட்டார்களா? (நாமக்கல்)

டீசலில் இது சகஜம். எரியும்போது வரும் கரித்தூளைப் பிடித்து, எங்கும் படியவிடாமல் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. கறுத்திருக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். வடித்த பிறகும் உள்ளே தங்கும் பழைய ஆயிலே புதியதைக் கறுப்பாக்கப் போதும். சந்தேகம் தீர வேண்டுமானால் அடுத்த முறை வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. ஆபீஸ் 4 கி.மீ., போக வர டிராஃபிக். ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது! டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. (வேளச்சேரி)

வந்த கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். நிறம் வழக்கமான கறுப்பாகவே இருக்கும் என்பதால் பலர் கோட்டை விடுவார்கள். நீங்கள் மட்டத்தைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, பல வண்டிகளில் எஞ்சினே சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஹைவேயில் ஒரே மூச்சில் எரித்துத் தீர்ந்தால் இது பெரிய விஷயமில்லை. உங்கள் வண்டி எரிக்க ஆரம்பித்ததும் நீங்கள் ஆபீஸ் வாசலில் அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து, மறுபடி கூடுதல் டீசல். பெட்ரோலாவது சூட்டில் ஆவியாகிப் போகும், டீசல் அவ்வளவு லேசில் போகாது.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தெரியலாம். ஒரு சொட்டை டிஷ்யூ காகிதத்தில் விட்டு சில மணி நேரம் வையுங்கள். நடுவில் கரும்புள்ளியும், அதைத் தாண்டி வெளியே நிறமில்லாத ஈர வளையமும் பரவினால் எரிபொருள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எப்படியிருந்தாலும் மட்டம் மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. மட்டம் மிகவும் ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும் ஆபத்தும் உண்டு. மாற்றும்வரை வேகம் வேண்டாம்.

மாற்றிய பிறகு வாரம் ஒருமுறை ஜிஎஸ்டி ரோட்டிலோ ஓஎம்ஆரிலோ, டிராஃபிக் இல்லாத நேரமாகப் பார்த்து அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரியும்போது நடுவில் அணைக்காதீர்கள். ஒளிக்காமல் சொன்னால், இந்த ஓட்டத்துக்கு டீசல் கார் தோதுப்படாது. விற்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய பெட்ரோல் கார். வெயிலுக்கு எஞ்சின் சூடாகாமல் இருக்க தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது ஆயில் சில மாதத்திலேயே கெட்டியான கறுப்புக் கசடாகிறது. (மதுரை)

நம் ஊர் ஷெட்டுகளில் இந்தப் பழக்கம் எப்போது ஒழியுமோ! தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி நிற்கும் வால்வு. பெரும்பாலான கார்களில் 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கும். அதை எடுத்துவிட்டால் சாவி போட்ட நிமிடத்திலிருந்து தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும். நீங்கள் 10 கி.மீ. ஓட்டினாலும் உங்கள் எஞ்சினுக்கு அது 2 கி.மீ. ஓட்டம் மாதிரிதான். இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை வேறு தெளிக்கும். ஈரம், பெட்ரோல், கரி மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் கசடு.

புது தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். வண்டி உண்மையிலேயே சூடானதற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பாகவோ, ஃபேன் ஓடாததாகவோ, கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதாகவோ இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்யச் சொல்லுங்கள். கசடை ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்) ஊற்றி ஒரேயடியாகக் கரைக்க வேண்டாம், பெயர்ந்து வரும் கட்டி ஆயில் வலையை அடைத்துவிடும். இரண்டு மூன்று முறை சீக்கிரம் சீக்கிரமாக ஆயிலும் ஃபில்டரும் மாற்றினாலே படிப்படியாகக் குறையும்.

கார் அதிகம் எடுப்பதில்லை. தினமும் காலை 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா? (கோவை)

வேண்டாம். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் ஆயில் லேசில் சூடாகாது, ஈரம் மட்டும் சேரும். எடுத்தால் அரைமணி ஓட்டுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

புது பைக். முதல் சர்வீஸில் வடித்த ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு. (சேலம்)

முதல் முறை மெல்லிய மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும், பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும் காலம் அது. மூன்றாவது நான்காவது சர்வீஸிலும் வந்தாலோ, விரலில் உரசினால் துகள் நெருடினாலோ காட்டுங்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம், அலுமினியமும் பேரிங் உலோகமும் ஒட்டாது.

ஒரு வருடத்தில் 2,500 கி.மீ.தான் ஓடியது. 10,000 வரை ஆயிலை மாற்றாமல் இருக்கலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. மேனுவலில் "10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலோ" என்று இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் கடினமான பயன்பாடு என்று ஒரு பகுதி உண்டு, அதைப் படியுங்கள். தினமும் ஹைவேயில் பறப்பவரை விட, குறைந்த தூரமே ஓட்டும் நீங்கள்தான் அதில் வருவீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வெயிலுக்குத் தாங்கும் என்று யாராவது 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். மேனுவலில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.