நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டி

கேள்வி: போன மாதம் ஊட்டியில் தங்கிய ஓட்டல் அறையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்கச் சத்தமே போடவில்லை. கேட்டதற்கு, உள்ளே மோட்டார் கிடையாது, சூடு பண்ணித்தான் குளிர வைக்கிறது என்றார்கள். ஐன்ஸ்டைன் கண்டுபிடித்தது என்கிறான் என் மகன். நிஜமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சூடு பண்ணிக் குளிர வைப்பது நிஜம். ஐன்ஸ்டைன் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது பாதிதான் சரி.

ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்று ஆகிறதே, ஆவியாகிற எதுவும் பக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். இந்த ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற அம்மோனியா திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியான அம்மோனியாவைத் தண்ணீர் ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலைச் சூடு பண்ணினால் அம்மோனியா மறுபடி பிரிந்து வரும், அதை ஆறவைத்துத் திரவமாக்கினால் திரும்ப முதலிலிருந்து. அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால்கூடப் போதும்.

இதை வியாபாரத்துக்கு ஆகிற இயந்திரமாகச் செய்து காப்புரிமை வாங்கியவர் பிரான்சின் ஃபெர்டினாண்ட் கார்ரே. பிரான்சில் 1859, அமெரிக்காவில் 1860. அவருடைய சகோதரர் எட்மண்ட் அதற்கு முன்பே கந்தக அமிலம் தண்ணீர் ஆவியை உறிஞ்சும்படி ஒரு கருவி செய்திருந்தார், ஆனால் அமிலம் உலோகத்தை அரித்துவிடும். அம்மோனியாவுக்கு மாறியதுதான் ஃபெர்டினாண்டின் கெட்டிக்காரத்தனம். அப்போது அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு ஐஸ் கட்டி வடக்கே உறைந்த ஏரிகளிலிருந்துதான் கப்பலில் வரும் (நம் சென்னை ஐஸ் ஹவுஸுக்கும் அங்கிருந்துதான் வந்தது). 1861இல் உள்நாட்டுப் போர் வந்து, வடக்கின் கடற்படை துறைமுகங்களை மறித்ததும் ஐஸ் நின்றுபோனது, முற்றுகைக்குத் தப்பி உள்ளே கொண்டுபோன கார்ரே இயந்திரங்கள்தான் கைகொடுத்தன.

ஆனால் அவை தொழிற்சாலைக்கான பெரிய இயந்திரங்கள். குளிர்கிற பக்கம் அழுத்தம் குறைவு, சூடாகிற பக்கம் அதிகம் என்பதால் கரைசலைத் தள்ள ஒரு பம்ப் வேண்டும். அந்தப் பம்பையும் தூக்கி எறிந்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முந்தர்ஸ். வருஷம் 1922. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். உள்ளே கொஞ்சம் ஹைட்ரஜனையும் அடைத்தார்கள். அது குளிர்கிற பக்கத்தில் நின்று குறைகிற அழுத்தத்தை ஈடுகட்டுவதால் மொத்த அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாகிவிடுகிறது, ஆனாலும் அம்மோனியாவின் பங்கு அங்கே குறைவாகவே இருப்பதால் அது பாட்டுக்கு ஆவியாகிறது. கரைசலை மேலே ஏற்ற, பால் பொங்கும்போது பார்க்கிறோமே, அந்த மாதிரி கொதிக்கிற குமிழிகளே போதும். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. 1925இல் ஸ்வீடனின் வீட்டுச் சாதன நிறுவனமான எலக்ட்ரோலக்ஸ் இதை வாங்கியது.

அப்புறம் ஐன்ஸ்டைன். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் கசிந்த விஷ வாயுவால் பெர்லினில் ஒரு குடும்பமே இறந்துபோனதைப் படித்து வருந்தியவர், இயற்பியலாளர் லியோ சிலார்டுடன் சேர்ந்து கசிவே வராத ஃப்ரிட்ஜ் செய்யப் பார்த்தார். அம்மோனியாவோடு பியூட்டேனும் தண்ணீரும் சேர்ந்த அவர்களுடைய வடிவத்துக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது கடைக்கு வரவே இல்லை. நீங்கள் பார்த்தது அந்த இரண்டு மாணவர்களின் வழி வந்தது.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் வீட்டுக்கு ஏன் வாங்குவதில்லை?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதே குளிருக்கு, வீட்டில் இருக்கிற மோட்டார் வைத்த கம்ப்ரெஸ்ஸர் ஃப்ரிட்ஜைவிட அதிகச் சக்தி தின்னும், கரண்ட் பில் ஏறிவிடும். கரண்ட் இல்லாத இடத்தில்தான் இதன் அருமை தெரியும், தடுப்பூசி மருந்தைக் கெடாமல் வைக்க மண்ணெண்ணெயில் ஓடுகிற ஃப்ரிட்ஜ்கள் பல நாடுகளில் இருந்தன. வாங்கினால் ஒன்று கவனியுங்கள், திரவம் தானாகக் கீழே வழிந்து ஓட வேண்டும் என்பதால் சமதளத்தில்தான் வைக்க வேண்டும். சாய்ந்திருந்தால் குளிராது.