25 கிலோ கயாக்கை ஒத்த ஆளா கார் மேல ஏத்தறது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

காட்பாடி வாசகர் ஒருத்தர்: எனக்கு வயசு 56. மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டுல பத்தடி பிளாஸ்டிக் கயாக், அதான் துடுப்பு போட்டு ஓட்டற சின்ன படகு, வாங்கிட்டேன், வெயிட்டு 25 கிலோ. வண்டி வேகன்ஆர், மேல ரெண்டு கேரியர் பார் போட்டிருக்கேன். பையன் பெங்களூர்ல, வீட்டம்மாவுக்கு முதுகுவலி, ஆகமொத்தம் நான் ஒரே ஆளு. ஏத்தறதுக்குன்னே விக்கிற லிஃப்ட் விலையக் கேட்டா அதுல இன்னொரு கயாக்கே வாங்கிடலாம் போலருக்கு. வீட்லயே செஞ்சுக்கற மாதிரி ஏதாவது வழி உண்டா?

வேலூர்காரர் கயாக் வாங்கியிருக்காருன்னதும் இங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க சார், தண்ணியில்லாத ஆறுன்னு நம்ம ஊருக்கு சொலவடையே இருக்குதே, ஆனா 2021 நவம்பர்ல பாலாறு கரைய முட்டிகினு போனதப் பாத்தவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. காவேரிப்பாக்கம் ஏரி நெறஞ்சு நிக்கறப்ப போய் பாருங்க, அக்கரை தெரியாது. சரி, விஷயத்துக்கு வரேன்.

25 கிலோவ தலைக்கு மேல தூக்கணும்னு நெனச்சுகினு இருக்கீங்க, அது தேவையே இல்ல. மாடிக்கு பீரோ ஏத்தறவங்களப் பாத்திருப்பீங்க, ஒரு முனைய படியில சாய்ச்சு வச்சுட்டு அடுத்த முனைய மட்டும்தான் தூக்குவாங்க. அதேதான் இங்கயும். ஒரு முனை எங்கயாவது உக்காந்துட்டா உங்க கைக்கு வர்றது சுமாரா பாதி வெயிட்டு, 12, 13 கிலோ, 25 கிலோ அரிசி சிப்பத்துல பாதிதான்.

உங்க பிரச்சனை வெயிட்ட விட உயரம்தான். வேகன்ஆர் 1675 மில்லிமீட்டர், அதாவது அஞ்சரை அடி, அதுக்கு மேல பார் வேற. அதனால பின்பக்கமா ஏத்தறதுதான் உங்களுக்கு சரி. வீட்ல மூங்கில் ஏணி இருந்தா செலவே கெடையாது. ஒம்போது பத்தடி ஏணிய பின்னாடி பார் மேல சாய்ச்சு, மேல் முனைய பாரோட கயித்தால இறுக்கிக் கட்டிடுங்க, ஏணி பின் கண்ணாடி மேலயோ டிக்கி மேலயோ படக்கூடாது, பார்தான் தாங்கணும். ஏணியோட ரெண்டு காலுக்கும் பழைய சாக்கு சுத்துங்க. இப்ப கயாக் மூக்க ஏணி மேல வச்சுட்டு வால் பக்கம் போய் தள்ளுனீங்கன்னா அது பாட்டுக்கு வழுக்கிகினு மேல போகும், பாதிக்கு மேல போனதும் முன்னாடி பார்ல மூக்கு எறங்கிடும். தள்ளறதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக் போட்டு கியர்ல விட்டுடுங்க, மறந்துடாதீங்க, சரிவுல நிறுத்தியிருந்தா சக்கரத்துக்கு கல்லும் வைங்க.

ஏணி இல்லன்னா உருளை. கேரியர் பார் சதுரமாவோ ரவுண்டாவோ இருந்தா பின்னாடி பார கழட்டி, அது மேல லூசா சுத்தற சைஸ்ல பிவிசி பைப்பு ஒரு மூணடி வெட்டி மாட்டி திரும்ப முடுக்கிடுங்க. பிளம்பர் கடையில மீந்த துண்டே போதும். பைப்பு மேல சைக்கிள் ட்யூப் உரிச்சு சுத்துனா கயாக்குக்கு கீறல் விழாது. மூக்க பைப்பு மேல வச்சு வாலத் தூக்கி முன்னாடி நடந்தா சரி. ஒரே ஒரு எச்சரிக்கை, ஏத்தறப்ப சுத்தற உருளை ரோட்டுல போறப்பவும் சுத்தும், அதனால முன்னாடியும் பின்னாடியும் தனித்தனி கயிறு கட்டாம கெளம்பவே கூடாது.

பக்கவாட்டுல ஏத்தற முறையும் இருக்கு, முன்னாடி பார் உள்ள ஓட்டையா இருந்தா அதுக்குள்ள ஜிஐ பைப்ப சொருகி ரெண்டரை அடி வெளிய இழுத்து, உருவிகினு வராம ஒரு போல்ட் போட்டு, அதுல மூக்க தூக்கி வச்சுட்டு அப்பால வால தூக்கறது. குட்டை வண்டிக்கு அருமையா இருக்கும், உங்க வண்டி உயரத்துக்கு ஸ்டூல் இல்லாம முடியாது, அதுக்காக பிளாஸ்டிக் சேர் மேல மட்டும் ஏறிடாதீங்க சார், கால் அகண்டு போச்சுன்னா கயாக்கோட சேந்து கீழதான்.

ஏத்தறத விட கட்டறதுலதான் நான் அடி வாங்கினேன். மொத தடவ துணி காயப்போடற நைலான் கயித்தால கட்டிகினு மெட்ராஸ் பக்கமிருந்து வந்தேன், வழியில மழை, நைலான் நனைஞ்சா நீளும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, வாலாஜா டோல்கிட்ட எறங்கிப் பாத்தா கயாக் ஒரு பக்கமா சாஞ்சு பக்கத்து லேன எட்டிப் பாத்துகினு இருக்குது. இப்ப பக்கிள் வச்ச பட்டை பெல்ட்டுதான், ரெண்டு பெல்ட்டு குறுக்கால, முன்னும் பின்னும் ரெண்டு கயிறு. கைப்பிடிய ஆட்டி ஆட்டி இறுக்கற ராட்செட் பெல்ட் வேணாம், நமக்கே தெரியாம ஓவரா முறுக்கிடுவோம், பிளாஸ்டிக் நசுங்கிடும். அதுவும் நம்ம ஊரு வெயிலுக்கு கேக்கவே வேணாம், 40 டிகிரிக்கு மேல போற மே மாசத்துல இறுக்கிக் கட்டுன கயாக்க வெட்டவெளியில நிறுத்திட்டு சாப்பிடப் போனா வந்து பாக்கறப்ப பார் பட்ட எடத்துல பள்ளம் விழுந்திருக்கும். அப்படி விழுந்தா பதறாதீங்க, கட்ட அவுத்து வெயில்லயே கவுத்து வைங்க, பெரும்பாலும் தானா எழும்பிடும். வண்டியிலயும் கவுத்துப் போட்டே கொண்டு போங்க, மழை பெஞ்சா உள்ள தண்ணி தேங்காது.

ராணிப்பேட்டை வாசகி ஒருத்தர்: எங்களுது ஆல்டோ, கேரியர் பாரே இல்ல. பார் வாங்காம கொண்டு போக முடியுமா?

கிட்டத்துல போறதுன்னா முடியும்மா. உங்க ஊருலயே வழி இருக்குது, ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் ஷூ சோலுக்கு வெட்டுற ஈவிஏ ஷீட்டு துண்டு கெடைச்சா வாங்கி நாலஞ்சு அடுக்கா ஒட்டி ரெண்டு நீளக் கட்டையா ஆக்கிக்குங்க, கயாக்குக்குன்னு விக்கிற ஃபோம் பிளாக்குலயும் அதே சரக்குதான் வருது. அத கதவுக்கு மேல, கூரை ஓரத்துல தாங்கற மாதிரி குறுக்கால வைங்க, நடு கூரையில வெயிட்டு எறங்குனா தகடு குழி விழும். ஃபோமுக்கு அடியில மண்ணு இருந்தா பெயிண்ட் போயிடும், தொடச்சுட்டு வைங்க.

பெல்ட்ட வண்டிக்குள்ள விட்டு சுத்தறப்ப நாலு கதவையும் தொறந்து வச்சுகினு கதவு இடுக்கு வழியா விடணும். ஜன்னல் வழியா விட்டுக் கட்டிட்டு அப்புறம் கதவே தொறக்காம நின்னவங்க உண்டு. மழை வந்தா பெல்ட்டு வழியா தண்ணி உள்ள ஊறி சீட்டு நனையும், பெல்ட்டு உள்ள வர்ற எடத்துல ஒரு துண்ட சுத்திட்டா கொஞ்சம் தாங்கும்.

முன்பக்கம் கயிறு கட்ட எடம் இல்லன்னு நிறைய பேர் பம்பர்ல கட்டறாங்க, பிளாஸ்டிக் பம்பர் அதுக்கு ஆகாது. காயலான் கடையில பழைய சீட் பெல்ட்டு ஒரு அடி வாங்கி, ரெண்டா மடிச்சு, ஓட்டை போட்டு, பானெட்ட தொறந்தா ஓரத்துல தெரியற ஃபெண்டர் போல்ட்டுல மாட்டி முடுக்கிடுங்க. பானெட்ட மூடுனா வளையம் மட்டும் வெளிய தெரியும், கயித்த அதுல கட்டலாம், வேலை முடிஞ்சதும் உள்ள தள்ளிடலாம். எத்தன கிலோ கூரையில ஏத்தலாம்னு வண்டி மேனுவல்ல போட்டிருப்பாங்க, அத ஒரு தடவ பாத்துடுங்க.

குடியாத்தம் வாசகர் ஒருத்தர்: கெணத்துல இருந்த பழைய கப்பி ரெண்டு சும்மா கெடக்குது. போர்ட்டிகோவுல மாட்டி கயாக்க மேலயே தொங்கவிட்டா கார நேரா அடியில கொண்டாந்து எறக்கிக்கலாமா?

பிரமாதமா எறக்கலாம், வீட்ல எடம் அடைக்காது பாருங்க. ஆனா மேல மாட்டுன ஒத்த கப்பி வெயிட்ட கொறைக்காது, இழுக்கற திசைய மட்டும்தான் மாத்தும், கெணத்துல தண்ணி எறைச்ச கைக்கு இது தெரியும். கயித்தோட ஒரு முனைய மேல கொக்கியில கட்டி, கயாக் கூடவே ஏறி எறங்கற மாதிரி கீழ ஒரு கப்பி மாட்டுனாதான் பாதி பலம் போதும், அதுக்கு பதிலா ரெண்டு மடங்கு கயிறு இழுக்கணும். முன்னுக்கு ஒரு ஜோடி பின்னுக்கு ஒரு ஜோடின்னு வைங்க, அதாவது இன்னும் ரெண்டு கப்பி தேவைப்படும், ஒரு பக்கம் ஒரு அடி ஏத்திட்டு அடுத்த பக்கம் ஒரு அடி. கொக்கி கான்கிரீட்டுல ஊஞ்சலுக்குப் போட்டதா இருந்தா கவலையில்ல, ஷீட்டு போட்ட பைப்புல மட்டும் மாட்டிடாதீங்க. தொங்கறப்ப கப்பிய மட்டும் நம்பாம கயாக்குக்கு அடியில தனியா ரெண்டு பெல்ட்டு போட்டு வைங்க, பசங்க அடியிலதான் வெளையாடுவாங்க.

ஆரணி வாசகர் ஒருத்தர்: 60ல போனாலே மேல உம்முனு ஒரு சத்தம், என்ன கோளாறு?

கோளாறு ஒண்ணியும் இல்ல, பெல்ட்டு காத்துல அதிருது. கட்டறப்ப பெல்ட்ட ரெண்டு முறுக்கு விட்டு கட்டுங்க, நின்னுடும். நின்னுடுச்சேன்னு 100ல போயிடாதீங்க, ஹைவேஸ்ல லாரி தாண்டறப்ப அடிக்கிற காத்துக்கு நான் 70 தாண்டறதே இல்ல.