ஸ்டாப்வாட்ச், கோன், ஸ்கேல்: திறன்சார் உடற்தகுதிச் சோதனைகள் பற்றிய கேள்வி பதில்

வேகம், சுறுசுறுப்பு, வெடிதிறன் (நொடிப்பொழுதில் வலிமையை வெளிப்படுத்துவது), எதிர்வினை நேரம், சமநிலை, ஒருங்கிணைப்பு. திறன்சார் உடற்தகுதி என்று இந்த ஆறையும் சொல்கிறோம். இவற்றை வீரர்களிடம் அளப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: சார், 30 மீட்டர் ஓட்டத்தில் போன மாதம் 4.5 நொடி, இந்த மாதம் 4.4. ஸ்டாப்வாட்ச்தான். பையன் முன்னேறிவிட்டான் என்று எழுதலாமா?

இப்போதைக்கு எழுதாதீர்கள். இரண்டு தடவையும் ஸ்டார்ட் எப்படிக் கொடுத்தீர்கள்? முடிவுக் கோட்டில் நின்று விசில் சத்தத்துக்கு வாட்ச்சை அழுத்தியிருந்தால், சத்தம் 30 மீட்டர் வந்து சேரவே ஏறக்குறைய 0.09 நொடி ஆகும். போன மாதம் கொடியைப் பார்த்தும் இந்த மாதம் விசிலைக் கேட்டும் அழுத்தியிருந்தால், நீங்கள் சொல்லும் 0.1 அங்கேயே போய்விட்டது. பையன் ஓடியதில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது.

பின்கால் தரையை விட்டு எழும் கணத்தில் வாட்ச்சைத் தொடங்குங்கள், மார்பு கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். எதிர்வினை நேரத்தை இதில் கலக்க வேண்டாம், அதற்கு வேறு சோதனை இருக்கிறது. கோட்டுக்கு 50 செ.மீ. பின்னால் முன்காலை வைக்கச் சொன்னால், எல்லா முறையும் அதே 50 செ.மீ. இருக்க வேண்டும். வாட்ச் பிடிப்பவரும் மாறக் கூடாது. எலக்ட்ரானிக் கேட்டில் (ஓடுபவர் கடக்கும்போது தானாகவே நேரம் எடுக்கும் கருவி) எடுத்த நேரத்தையும் கையால் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்: 100 மீட்டரில் கைக்கணக்கு 0.24 நொடி குறைவாகக் காட்டும் என்றே தடகளத்தில் கணக்கு வைக்கிறார்கள்.

பயிற்சி ஏதும் கூட்டாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அதே பையன்களை இரண்டு முறை ஓடவிட்டுப் பாருங்கள். அந்த இரண்டு நேரங்களும் எவ்வளவு ஆடுகின்றனவோ, அதுதான் உங்கள் மைதானத்தின் பிழை. அதைத் தாண்டிய வித்தியாசத்தை மட்டும் முன்னேற்றமாக எழுதலாம்.

கேள்வி: கபடி அணிக்கு இல்லினாய்ஸ் என்ற சுறுசுறுப்புச் சோதனை வைக்கிறோம். நல்ல ரைடர் அதில் பின்தங்குகிறார். சோதனை தவறா, ஆள் தவறா?

ஆள்மீது தப்பில்லை. இல்லினாய்ஸ் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், நடுவில் 3.3 மீட்டர் இடைவெளியில் நான்கு கோன்கள். குப்புறப் படுத்து எழுந்து, கோன்களைச் சுற்றி ஓடி முடிக்க ஏறக்குறைய 60 மீட்டர் ஆகிறது. நேராக வேகமாக ஓடுகிறவர் திருப்பத்தில் விட்டதை ஓட்டத்தில் மீட்டுவிடுவார்.

திரும்பும் திறனை மட்டும் பிரித்துப் பார்க்க 505 சோதனை நல்லது. தொடக்கக் கோட்டிலிருந்து 10 மீட்டரில் ஒரு கோடு, அதற்கு அப்பால் 5 மீட்டரில் திரும்பும் கோடு. 10 மீட்டர் கோட்டைத் தாண்டும்போது நேரம் தொடங்கும், 5 மீட்டர் போய்த் திரும்பி அதே கோட்டுக்கு வரும்போது நிற்கும். வலக்காலில் திரும்பி மூன்று, இடக்காலில் திரும்பி மூன்று, நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. திரும்பும் கோட்டைக் கால் மிதிக்காவிட்டால் அந்த ஓட்டம் செல்லாது. பிறகு நின்ற நிலையிலிருந்து நேராக 10 மீட்டர் ஓடவிட்டு அந்த நேரத்தைக் கழியுங்கள். 505 நேரம் 2.45, நேர் ஓட்டம் 1.85 என்றால் மிச்சம் 0.60. திரும்புவதற்கு அவர் கட்டுகிற விலை அது. 505 நேரம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரிடம் இந்த மிச்சம் வேறாக வரும். ஒருவருக்கு ஓட்டப் பயிற்சி தேவை, இன்னொருவருக்கு பிரேக் போடும் பயிற்சி தேவை.

இன்னொரு விஷயம். கோன் நகராது, ஆனால் கபடியில் எதிராளி நகர்வார். எனவே கோன் சோதனை எதுவும் திசை மாற்றத்தை மட்டுமே அளக்கிறது, பார்த்து முடிவெடுப்பதை அளப்பதில்லை. நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் உள்ள போனஸ் கோட்டுக்கு ரைடரை ஓடவிட்டு, பாதியில் நீங்கள் கை காட்டும் பக்கம் திரும்பச் சொல்லி செல்போனில் வீடியோ எடுங்கள். உங்கள் கை எழுந்த பிரேமுக்கும் அவர் கால் திசை மாற்றிய பிரேமுக்கும் உள்ள இடைவெளியை எண்ணுங்கள். எந்த அட்டவணையோடும் இதை ஒப்பிட முடியாது, ஆனால் உங்கள் ரைடர்களுக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, செல்போன் ஆப்பில் செங்குத்துத் தாவல் 37 செ.மீ. காட்டுகிறது. சுவரில் சாக்பீஸ் வைத்து அளந்தால் 31தான். எதை நம்புவது?

காற்றில் இருந்த நேரத்தை வைத்துத்தான் ஆப் கணக்குப் போடுகிறது. 0.50 நொடி என்றால் 30.7 செ.மீ., 0.55 என்றால் 37.1. முழங்காலை மடக்கி இறங்கினால் அந்த 0.05 நொடி சும்மா கிடைத்துவிடும். எழுந்த மாதிரியே கால் நீட்டி, முன்பாதம் முதலில் படும்படி இறங்கச் சொல்லுங்கள். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் வீடியோவானால் ஒரு பிரேம் தவறினாலே 4 செ.மீ. வித்தியாசம் வரும். 240 பிரேமில் எடுங்கள்.

சுவர் முறையில் ஏமாற்று வேறு மாதிரி: நின்று கை நீட்டும்போது தோளைத் தூக்காமல் குறைத்துத் தொடுவார்கள், தாவல் கூடிவிடும். குதிகால் தரையில் ஒட்டியிருக்க, தோள் காதோடு உரச, முழுக்க எட்டித் தொட்ட பிறகே முதல் குறி போடுங்கள்.

கேள்வி: 65 கிலோ பையனும் 80 கிலோ பையனும் ஒரே 50 செ.மீ. தாவினால் இருவருக்கும் வெடிதிறன் சமமா?

சமம் இல்லை. தாவலை வைத்து வெடிதிறனை வாட்டில் கணிக்க சேயர்ஸ் சூத்திரம் இருக்கிறது: தாவல் செ.மீ. × 60.7, அதோடு எடை கிலோ × 45.3 கூட்டி, 2055 கழிக்க வேண்டும். முதல் பையன் ஏறக்குறைய 3,925 வாட், இரண்டாமவர் 4,604 வாட். குண்டு எறிபவருக்கு இந்த வாட் முக்கியம். உயரம் தாண்டுபவருக்கு தாவிய செ.மீ. பார்த்தால் போதும்.

கேள்வி: ஸ்கேல் பிடிக்கும் சோதனையில் ஒரு மாணவி 5 செ.மீட்டரில் பிடித்துவிட்டாள். அபாரமா?

மேலிருந்து நீங்கள் விடும் ஸ்கேலை விரல்களுக்கு நடுவே விழும்போது பிடிக்கும் எதிர்வினை நேரச் சோதனை இது. ஸ்கேல் 5 செ.மீ. விழ 0.10 நொடி ஆகும். 100 மீட்டர் ஸ்டார்ட்டில் 0.100-க்குக் கீழே போனால் தவறான தொடக்கம் என்கிறார்கள், இது அதன் விளிம்பில் நிற்கிறது. பெரும்பாலும் ஊகித்துப் பிடித்திருப்பாள், அல்லது விடுகிற உங்கள் விரல் முன்கூட்டியே அசைந்திருக்கும். 'ரெடி' சொன்ன பிறகு ஒன்று முதல் ஐந்து நொடிக்குள் ஒழுங்கில்லாமல் விடுங்கள். மாணவியின் பார்வை ஸ்கேலில் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம். கை மேசை விளிம்பில் ஊன்றியிருக்க, பெருவிரலின் மேல் விளிம்பில் அளவைப் படியுங்கள். பத்து முறை எடுத்து, மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். 15 செ.மீ. 0.175 நொடி, 20 செ.மீ. 0.20, 25 செ.மீ. 0.226.

கேள்வி: ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்கும் பேட்மிண்டன் வீராங்கனை கோர்ட்டில் தடுமாறுகிறாரே?

நின்ற இடத்துச் சமநிலை வேறு, எட்டும்போது உள்ள சமநிலை வேறு. இவருக்கு ஒய் சமநிலைச் சோதனை வையுங்கள். ஒரு காலில் நின்று, மறுகாலை முன்னே, பின்-உள்ளே, பின்-வெளியே என்று மூன்று திசையில் எட்ட வேண்டும். தரையில் டேப் ஒட்டினாலே போதும். மூன்று எட்டலையும் கூட்டி, கால் நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 62, 98, 95 எட்டி, கால் 85 செ.மீ. என்றால் 100 சதவீதம். முன்திசையில் இடது வலது வித்தியாசம் 4 செ.மீ.-க்கு மேல் போனால் அந்தக் காலைக் கவனியுங்கள். முதல் நான்கைந்து முயற்சிகள் பழகுவதற்கே போய்விடும், அவற்றை எழுத வேண்டாம்.

கேள்வி: ஒருங்கிணைப்புக்கு எளிதாக ஏதாவது?

சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று டென்னிஸ் பந்து. வலக்கையால் கீழிருந்து எறிந்து இடக்கையில் பிடி, இடக்கையால் எறிந்து வலக்கையில் பிடி. 30 நொடியில் எத்தனை என்று எண்ணுங்கள். பந்தும் சுவரும் மாறினால் எண்ணும் மாறும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வரிசை தப்பக் கூடாது. களைப்பு தராதவை முதலில்: எடை, ஸ்கேல், சமநிலை, சுவர்ப் பந்து. பிறகு தாவல், அடுத்து 505, அதன் பின் 30 மீட்டர். நீண்ட ஓட்டம் ஏதாவது இருந்தால் அது கடைசி. அதை முதலில் வைத்துவிட்டு, பிறகு தாவல் குறைந்துவிட்டதென்று வீரரைத் திட்டுகிற மைதானங்கள் நிறைய. அடுத்த சோதனை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே நேரத்தில். இந்த முறை மாலை, அடுத்த முறை காலை என்று வைக்காதீர்கள். வேகமும் தாவலும் பொதுவாக மாலையில்தான் கூடுதலாக வரும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எல்லாச் சோதனையிலும் பின்தங்கி, தேர்வில் நீக்கிவிட்டார்கள். விளையாட்டை விட்டுவிடலாமா, சார்?

விடாதீர்கள். 13 வயதில் ஒருவன் மீசை முளைத்தவன், இன்னொருவன் இன்னும் குழந்தை. முந்தி வளர்ந்தவன் தாவலிலும் ஓட்டத்திலும் முன்னே நிற்பது இயல்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வாருங்கள். உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் கைகால் நீளத்துக்கு உடல் பழகும்வரை ஒருங்கிணைப்பு கொஞ்சம் தடுமாறலாம். அந்த வேகம் தணிந்த பிறகு எடுக்கிற சோதனையைத்தான் நான் பார்ப்பேன்.