செட்1 நீக்கிய ஈஸ்டில் மறுசேர்க்கை ஏன் குறைகிறது?

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக பேக்கரி ஈஸ்டில் செட்1 ஜீனை நீக்கினோம். ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு மார்க்கர்களுக்கு (அடையாள ஜீன்களுக்கு) இடையே மறுசேர்க்கை, அதாவது பெற்றோரின் ஜீன்கள் புதிதாகக் கலப்பது, நன்றாகக் குறைந்துவிட்டது. அங்கே டிஎன்ஏ வரிசையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஸ்ட்ரெயினில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வேண்டியதில்லை. மியாசிஸில் (ஸ்போர்களை உருவாக்கும் செல் பிரிவில்) ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. அந்த வெட்டைச் சரிசெய்யும்போதுதான் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடக்கிறது. எங்கே வெட்டுவது என்பதை எழுத்து வரிசை மட்டும் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான வெட்டுகள் ப்ரமோட்டர்களில் (ஜீனை இயக்கும் தொடக்கப் பகுதிகளில்), நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய டிஎன்ஏ உருண்டை) இல்லாத இடங்களில் விழுகின்றன. பக்கத்து நியூக்ளியோசோமில் எச்3 ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் செட்1 புரதம் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகளை வைக்கிறது. எஸ்பிபி1 புரதம் ஒரு பக்கம் அந்தக் குறியையும் மறுபக்கம் குரோமோசோமின் நடுத்தண்டான அச்சில் இருக்கும் மெர்2 புரதத்தையும் பிடித்து, அந்த இடத்தை வெட்டும் கூட்டத்திடம் இழுத்து வருகிறது. இந்தத் தொடர்பு 2013இல்தான் தெரியவந்தது. ஈஸ்ட் மியாசிஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செட்1 போனால் குறியும் போகும், பிடிப்பும் போகும்.

ஆனால் வெட்டு அடியோடு நிற்காது. பெரும்பாலான இடங்களில் குறையும், சில இடங்களில் கூடவும் செய்யும். அதனால் ஒரே ஒரு மார்க்கர் ஜோடியை வைத்து முடிவு எழுதிவிடாதீர்கள். வேறு குரோமோசோமில் இன்னொரு ஜோடியைப் பாருங்கள். எஸ்பிபி1 நீக்கிய ஸ்ட்ரெயினும் அதே போக்கைக் காட்டினால் உங்கள் வாதம் வலுவாகும். ஈஸ்டில் டிஎன்ஏ மீத்திலேஷன் (டிஎன்ஏமேலேயே மீத்தைல் குறி வைப்பது) இல்லை, அதைத் தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம், இன்குபேட்டரைக் கவனியுங்கள். ஸ்போருலேஷனுக்கு (ஸ்போர் உருவாக) வழக்கமாக 30 டிகிரி வைப்போம். வேலூர் வெயில் மே மாதத்தில் 40ஐத் தாண்டும்; குளிரூட்டும் வசதி இல்லாத இன்குபேட்டர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. நீங்கள் 30 என்று செட் செய்திருந்தாலும் உள்ளே 36 இருக்கலாம். ஃபிளாஸ்க் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். வெப்பநிலை மாறினால் குறுக்கேற்றமும் மாறக்கூடும் என்பதால், இயல்பான ஸ்ட்ரெயினையும் நீக்கியதையும் ஒரே நாளில், ஒரே ஷேக்கரில் ஓட்டுங்கள். செட்1 இல்லாத செல்கள் மியாசிஸைத் தாமதமாகத்தான் தொடங்கும். ஆகவே மணிக்கணக்கில் ஒப்பிடாமல், செல்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நான்கு ஸ்போரும் முளைத்த டெட்ராடுகளை (ஒரே மியாசிஸில் பிறந்த நான்கு ஸ்போர் கூட்டங்களை) மட்டும் எண்ணியிருந்தால், முளைக்காதவை எத்தனை என்பதையும் அட்டவணையில் சேருங்கள்.