குதிரை பின்னால் போன அப்பா

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம். வேலூரில் வேலை பார்க்கிறேன். ஒரு வருஷமாக ஒரு சூப்பர் ஹீரோ கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் வேலூர்க்காரன். பறப்பான், மலையைத் தூக்குவான். மகனுக்கு ஆறு வயதாகும்போது வீட்டைவிட்டுப் போகிறான். எங்கே ஆபத்து என்றாலும் அங்கே போய் நிற்கிறான், வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா இறந்துவிடுகிறாள். மகனுக்கும் அதே சக்தி வருகிறது, ஆனால் அவனுக்கு அப்பா பெயரைக் கேட்டாலே ஆகாது. கடைசி அத்தியாயத்தில் 2021 நவம்பர் பாலாற்று வெள்ளம். காட்பாடிப் பாலம் ஆட்டம் காண்கிறது. அப்பா ஒரு முனையைத் தாங்க, மகன் மறுமுனையைத் தாங்குகிறான். வெள்ளம் வடிகிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

படித்த நண்பர்கள் எல்லோரும் "எல்லாம் சரி, முடிவுதான் ஒட்டல" என்கிறார்கள். ஏன் ஒட்டவில்லை? ஒருவேளை சூப்பர் ஹீரோ என்பதே நம் மண்ணுக்குப் பொருந்தாத விஷயமா? வெள்ளத்துக்குப் பிறகு அந்த அப்பா வீட்டில் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. அதனால் கதையை அங்கேயே முடித்துவிட்டேன்.

எங்கள் நைனாவும் பட்டாளத்துக்காரர்தான். ஓய்வு பெற்று வந்து பல வருஷம் ஆகிறது. நான் கதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கதையை முழுக்கப் படித்தேன். வெள்ளம் வருகிற பகுதி நன்றாக வந்திருக்கிறது. வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறு ஒரு ராத்திரியில் கரை தொட்டு ஓடுவதைப் பார்க்க ஊரே பாலத்துக்கு வருகிறது, போலீஸ் விரட்ட விரட்ட ஜனம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும்.

நம் மண்ணுக்கு ஒட்டுமா என்ற கவலையை விட்டுவிடுங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவி என்ற இங்கிலாந்து காமிக்ஸ் நாயகன் வந்தபோது தமிழ்ப் பிள்ளைகள் யாரும் அவனை வெளியூர்க்காரனாக நினைக்கவில்லை. அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே உங்கள் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் படிக்கிறார்கள், ராத்திரியெல்லாம் கூத்து ஆடுகிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரை விலக்கி வருகிற அர்ச்சுனனைப் பார்த்து வளர்ந்த ஊர் அது.

வெளிநாட்டு சூப்பர் ஹீரோக்களிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். 1938-இல் வந்த சூப்பர்மேனைப் பெற்ற அப்பா தன் கிரகத்தோடு அழிந்துபோனவர். அடுத்த வருஷம் வந்த பேட்மேனின் அப்பாவும் அம்மாவும் அவன் கண்ணெதிரிலேயே சுடப்பட்டுச் செத்தவர்கள். செத்துப்போன அப்பாவை வைத்து எழுதுவது சுலபம். அவர் திரும்பி வந்து எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், மகனும் அவரை மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் எடுத்திருப்பது உயிரோடு இருக்கிற அப்பா. இது கஷ்டமான கதை. உங்களுக்குத் துணையாக ஒரு பழைய கதை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பக்கத்துக் கூத்து பதினெட்டாம் போரோடும் துரியோதனன் விழுகிற படுகளத்தோடும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாரதத்தில் அசுவமேத பர்வம் இருக்கிறது. யாகக் குதிரையை அவிழ்த்துவிடுகிறார்கள். அது போகிற ஊருக்கெல்லாம் அர்ச்சுனன் பின்னாலேயே போகிறான். குதிரை மணலூருக்கு வருகிறது. அந்த ஊர் ராஜா பப்புருவாகனன். சித்ராங்கதைக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த மகன். பிள்ளை தாத்தாவின் வம்சத்துக்குத்தான் என்று பேசி முடித்த கல்யாணம் அது. அர்ச்சுனன் மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் போய்விட்டவன்.

அப்பா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மகன் என்ன செய்கிறான் பாருங்கள். சீர்வரிசையோடு, பெரியவர்களை முன்னால் அனுப்பி, பணிவாக எதிர்கொண்டு அழைக்க வருகிறான். அர்ச்சுனனுக்கு அது பிடிக்கவில்லை. ஆயுதத்தோடு உன் எல்லைக்குள் வந்திருக்கிறேன், நீ சண்டைக்கு வராமல் மரியாதை செய்ய வருகிறாயே, வெறுங்கையோடு வந்திருந்தால் அல்லவா இதெல்லாம் பொருந்தும் என்று திட்டுகிறான். மகன் தலை குனிந்து நிற்கிறான். அப்போது பூமியைப் பிளந்துகொண்டு நாகர் மகள் உலூபி வருகிறாள். அவளும் அர்ச்சுனன் மனைவிதான். சண்டை போடு, அதுதான் உன் அப்பாவுக்குச் சந்தோஷம் என்று பையனைத் தூண்டிவிடுகிறாள்.

சண்டை நடக்கிறது. மகன் விட்ட அம்பு அர்ச்சுனன் தோளில் பாய்கிறது. தடுமாறிப் போனவன் சுதாரித்து எழுந்ததும் செய்கிற முதல் காரியம், மகனைப் புகழ்வது. சபாஷ், சித்ராங்கதை பெற்ற மகனே என்று மனம் குளிர்ந்து சொல்கிறான். சீர்வரிசையோடு வந்தவனுக்குத் திட்டு. அம்பு விட்டவனுக்குப் பாராட்டு. உங்கள் கதைக்கு வேண்டியதெல்லாம் இந்த ஓர் இடத்திலேயே இருக்கிறது. அந்த அப்பாவுக்குப் புரிகிற ஒரே மொழி பலம். அந்த மொழியில் பேசினால்தான் மகன் அவர் கண்ணுக்கே தெரிகிறான்.

அடுத்த அம்பு மார்பில் பாய்ந்து அர்ச்சுனன் செத்து விழுகிறான். மகனும் மயங்கிச் சாய்கிறான். தெளிந்து எழுந்தவன், அப்பாவைக் கொன்ற பாவி நான், சோறு தண்ணீர் இல்லாமல் இங்கேயே உயிரை விடுகிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். சித்ராங்கதை களத்துக்கே வந்து அழுகிறாள். உலூபி நாகமணியைக் கொடுத்து, இதை அவர் மார்பில் வை என்கிறாள். அர்ச்சுனன் தூக்கம் கலைந்தவன் போல எழுந்து மகனைக் கட்டிப்பிடித்து உச்சி மோக்கிறான். பீஷ்மரை முறைகேடாக வீழ்த்தியதற்காக அவன்மேல் இருந்த சாபம் மகன் கையால்தான் தீர வேண்டியிருந்தது, அதற்காகத்தான் தூண்டிவிட்டேன் என்று உலூபி காரணம் சொல்கிறாள்.

உங்கள் கதை முடிகிற இடம் இதுதான். வியாசர் இங்கே முடிக்கவில்லை. கட்டிப்பிடித்ததற்குப் பிறகு மகன் ஒன்று கேட்கிறான்: இரண்டு அம்மாக்களோடும் ஊருக்குள் வாருங்கள், உங்கள் வீட்டில் ஒரே ஒரு ராத்திரி தங்குங்கள், காலையில் குதிரையோடு போய்க்கொள்ளுங்கள். நாட்டைக் கேட்கவில்லை, வில்லைக் கேட்கவில்லை. அர்ச்சுனன் சிரித்துக்கொண்டே முடியாது என்கிறான். குதிரை போகிற போக்கில் நான் போக வேண்டும், விரதம் இருக்கிறது, ஊருக்குள் வர முடியாது. சொல்லிவிட்டுப் போயும்விடுகிறான்.

எனக்கு அந்தச் சண்டையைவிட இந்த இடம்தான் வலிக்கிறது. செத்துப் பிழைத்தவனால்கூட ஒரு ராத்திரி வீட்டில் தங்க முடியவில்லை.

இப்போது உங்கள் பாலத்துக்கு வருவோம். அப்பாவும் மகனும் சேர்ந்து பாலத்தைத் தாங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அப்பா இத்தனை வருஷமும் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்? ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பாலம். ஆபத்துதான் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது. அதே ஆபத்தே அவரை மகனோடு சேர்த்தும் வைக்கும் என்றால், அடுத்த ஆபத்து வந்ததும் மறுபடி பிரித்துவிடாதா? அப்பா மாறவே இல்லை, மகன்தான் அப்பாவின் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். உங்கள் நண்பர்களுக்கு ஒட்டாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். வெள்ளம் வடிந்த அன்று ராத்திரி அவர் எங்கே படுத்தார்? அங்கேதான் உங்கள் கடைசி அத்தியாயம் இருக்கிறது.

அந்த ராத்திரியை யோசிக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லாதீர்கள். ராணுவப்பேட்டை என்றே பெயர் எடுத்த கம்மவான்பேட்டை உங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை வீட்டில் அப்பா என்பவர் லீவில் வருகிற ஆள்! காட்பாடியில் ரயில் இறங்கி, இரும்புப் பெட்டியோடு விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவார். பிள்ளை அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும். பிள்ளை பழகி மடியில் ஏறுகிற நேரத்தில் லீவு முடிந்துவிடும். பதினைந்து, பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து அவர் ஒரேயடியாக வீட்டுக்கு வரும்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது, பையனுக்கு மீசை அரும்பியிருக்கும். ஊருக்கு அவர் வீரர். வீட்டில், எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று தெரியாத மனிதர். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். போட்டுக்கொண்டு போக இடம் இருக்காது. பையன் ஏழு மணி வரை தூங்குவதைப் பார்த்துச் சத்தம் போடுவார், அந்த ஒரு வேலை அவருக்குத் தெரியும். பையன் மனசுக்குள், இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்பான், வாய்விட்டுக் கேட்க மாட்டான். இதைவிடப் பெரிய சூப்பர் ஹீரோ கதை எங்கே கிடைக்கப் போகிறது உங்களுக்கு?

இதற்கு ஒரு ஆள் வேண்டும். நீங்கள் அவளை இரண்டாம் அத்தியாயத்திலேயே கொன்றுவிட்டீர்கள். அம்மா செத்தால் மகனுக்குக் கோபம் வரக் காரணம் கிடைக்கும் என்று செய்திருக்கிறீர்கள். வேண்டாம், அவளை உயிரோடு கொண்டுவாருங்கள். மகனுக்குக் கோபம் வர, அவள் உயிரோடு தனியாக இருந்ததே போதும். பாரதத்தில் அந்த இருவரையும் சேர்த்தது யார்? மணி கொடுத்தவள் உலூபி. களத்துக்கு வந்து கேள்வி கேட்டவள் சித்ராங்கதை. நம் வீடுகளிலும் அப்பாவும் பிள்ளையும் பேசாமல் இருக்கும் வருஷங்களில் எல்லாச் செய்தியும் அம்மா வழியாகத்தான் போகும். "உங்க நைனா சாப்டாரான்னு கேளு" என்று அவள் ஒரு நாள் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே அடுப்படியை விட்டு வெளியே போனால் போதும், உங்களுக்கு ஒரு காட்சி கிடைத்துவிடும். அவளுக்கும் தனியாகக் கோபம் இருக்கட்டும். அவள் வெறும் தூது அல்ல.

அப்புறம், அந்த மன்னிப்பு வசனம். பாலத்தின் மேல் அப்பா "என்னை மன்னிச்சிடுப்பா" என்கிறார். எதற்கு மன்னிப்பது என்று மகன் கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறதா? பத்தாவது பரீட்சை அன்று நான் வரவில்லை, உனக்கு அம்மை போட்டிருந்தபோது நான் இல்லை என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல வேண்டுமானால் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். உலகத்தைக் காப்பாற்றியவருக்கு அதுதான் கஷ்டமான வேலை. அவர் கேட்கிற நேரத்தில் எங்கோ ஓர் ஊரில் ஒரு கட்டடம் எரியட்டும். அந்தச் சத்தம் அவர் காதில் விழட்டும். அவர் போவாரா, உட்காருவாரா? நானாக இருந்தால் மகனைப் போகச் சொல்லிவிட்டு அவரை வீட்டில் உட்காரவைப்பேன். இனி காத்திருக்கிற முறை அவருடையது. நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் அந்தக் கேள்வி கதையில் வந்தே ஆக வேண்டும்.

மகன் மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அர்ச்சுனனுக்கு இன்னொரு மகன் இருந்தான், அரவான். போர் தொடங்கும் முன்பே அவனைக் களப்பலி கொடுத்துவிட்டார்கள் என்று நம் ஊரில் சொல்கிறோம். அப்பாமேல் கோபப்பட அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. உங்கள் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் கோபப்பட்டு முடிக்கட்டும். கட்டிப்பிடிக்காமலேயே சேர்ந்து இருப்பது என்று ஒன்று உண்டு.

அது எப்படி இருக்கும் என்பதற்கு, செய்யாறு பக்கத்தில் ஒரு ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன். விடிந்து கூத்து முடிந்திருந்தது. ராத்திரியெல்லாம் ராஜ வேஷம் கட்டி ஆடிய வாத்தியார் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கட்டையைக் கட்டியிருந்த கயிறு முதுகுப் பக்கம் இறுகிக் கிடந்தது. அதை ஆடினவரே அவிழ்க்க முடியாது, கை எட்டாது. அவருடைய மகன், அவனும் அதே கூத்து ஜமாவில், அதே குழுவில் ஆடுகிறவன், முகத்தில் பாதிச் சாயத்தோடு வந்து பின்னால் நின்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். தோளில் கயிறு பதிந்த இடம் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குள் பல வருஷமாகப் பேச்சே கிடையாது என்று ஊர்க்காரர் ஒருவர் பிறகு சொன்னார். உங்கள் சூப்பர் ஹீரோவுக்கும் ஒரு உடுப்பு இருக்கிறதே, அதை அவர் எப்படிக் கழற்றுகிறார் என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை.

கடைசியாக, அந்த முதல் ராத்திரியைப் பற்றி. வேலையெல்லாம் முடிந்து ஒரேயடியாக வீட்டுக்கு வந்த மனிதர் அன்றைக்கு எங்கே படுத்தார், தூக்கம் வந்ததா, மறுநாள் எழுந்து என்ன செய்தார் என்பதை நான் கற்பனை செய்து சொல்வதைவிட உங்கள் நைனாவிடம் நீங்கள் கேட்பது நல்லது. கதைக்காகக் கேட்கிறேன் என்றே சொல்லுங்கள். எழுதியதும் அந்த அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.