பழைய கட்டடம் காக்க அறக்கட்டளை: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்வி பதில்

பென்னாகரம் வாசகர்: தாத்தா கட்டிய நூறாண்டு வீட்டைக் காப்பாற்ற உறவினர்கள் சேர்ந்து அறக்கட்டளை தொடங்கலாமா? எங்கே பதிவது?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதலில் பட்டாவைப் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, அத்தைகள் உட்பட எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்துப் பெறுங்கள். பிறகு வீட்டை அறக்கட்டளைக்குத் தானமாக எழுதலாம், குத்தகைக்கும் விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல பொது அறக்கட்டளைகளுக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதுதான் வழி. நோக்கத்தை ‘சமூக சேவை’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் பழைய கட்டடங்களைப் பேணுதல், ஆவணப்படுத்துதல் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அறக்கட்டளை கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும் என்பதும் இருக்கட்டும். குடும்பத்துக்கே திரும்பும் என்று எழுதினால் வரிச் சலுகைப் பதிவு சிக்கலாகிவிடும்.

ஓசூர் வாசகர்: இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றன. கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனியும், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஆனால் உங்களைப் போன்ற அறக்கட்டளை அதைப் பெற மூன்றாண்டு அனுபவம், 12ஏ (அறக்கட்டளைக்கு வரிச் சலுகை), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரி விலக்கு) பதிவுகள், சிஎஸ்ஆர் பணிக்குப் பதிந்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவம் எல்லாம் வேண்டும். அதுவரை ஊர்க்காரர்களின் பணம்தான். அதையும் வங்கி வழியாகவே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் தருபவருக்கு 80ஜி விலக்கு கிடைக்காது.

சூளகிரி வாசகர்: ராயக்கோட்டைக் கோட்டைச் சுவரை நாங்கள் கட்டித் தரலாமா?

கூடாது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உதவ விரும்பினால் 1996-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியம் வழியாகப் பணம் தரலாம்.

அரூர் வாசகர்: அறநிலையத்துறைக் கோயில் மண்டபத்துக்கு?

அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

பாலக்கோடு வாசகர்: பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் வெளியூர். வேலையை ஆரம்பித்துவிடட்டுமா?

வேண்டாம். மேலே பென்னாகரத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: கொல்லைகளில் கிடக்கும் நடுகற்களை (விழுந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) எடுத்துவந்து அறக்கட்டளைக் கட்டடத்தில் வைத்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற தெய்வமாக இன்றும் பூசை பெறுகின்றன. எந்த ஊர் ஆநிரையை மீட்கப் போய் வீரன் விழுந்தான் என்பதைக் கல்லெழுத்தோடு சேர்ந்து அது நிற்கும் இடமும் சொல்கிறது.

ஊத்தங்கரை வாசகர் மறுபடியும்: ஏர் பட்டு உடைகிறது, வரப்புக்குக் கல்லாகப் போகிறது. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் வைக்கவில்லையா?

வைத்திருக்கிறார்கள். அது அரசு செய்வது. ஆபத்தில் உள்ள கல்லைப் பற்றி வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்கள், நீங்களாகப் பெயர்க்காதீர்கள். அறக்கட்டளைப் பணத்தில் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு கல்லைச் சுற்றி வேலி போடலாம், படமும், கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படியும் எடுத்து வைக்கலாம். பூசை செய்பவர்களையும் அறங்காவலர் குழுவில் சேருங்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கல் எப்போதோ காணாமல் போயிருக்கும்.

மொரப்பூர் வாசகர்: எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கல்லுக்குப் பெயின்ட் அடித்துச் சிமெண்ட் மேடையே கட்டிவிட்டார்களே?

இதற்குமேல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். ஆனால் நீங்கள் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இல்லை. விரிசலைச் சிமெண்டால் பூசலாமா?

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல் பொடியாக உதிரும். சில மழைக்காலம் போனதும் பூச்சு செங்கல் தோலோடு பாளம் பாளமாகக் கழன்று விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாருக்காகக் காத்திருங்கள். அதுவரை கூரை ஒழுகாமல் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வெட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: பட்டா இல்லை, அனுபவத்தில் மட்டும் இருக்கிறது. அறக்கட்டளை...

முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரத்தைத் தேடுங்கள். இரண்டும் கையில் வந்ததும் எழுதுங்கள், மேலே பேசுவோம்.