"ஊசியே தேவலப்பா"

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 46. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஒன்றேகால் ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறேன். பேர், ஊர் எதையும் போட வேண்டாம். என் வாழ்க்கையைக் கெடுத்தவர்கள் மூன்று பேர். என் அண்ணன், நான் பூப் போடும் மாட்டுத்தாவணி கமிஷன் கடைக்காரர், என் மச்சினன். அப்பாவையும் சேர்த்தால் நாலு.

பாகப்பிரிவினையில் போர்வெல் இருந்த கிழக்குப் பக்கத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறேன் என்று பெரியவர்கள் முன்னால் சொன்னவர், இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார். அப்பா அவருக்குத்தான் எப்போதும் சாதகம். நான் பாலிடெக்னிக் படிக்கக் கேட்டபோது, "பூவை யாருடா எடுக்குறது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என்னோடு படித்தவன் இன்று ரயில்வேயில் இருக்கிறான்.

கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு கடைக்குப் பூப் போட முடியாது. நூற்றுக்குப் பத்து ரூபாய் கமிஷன், விலையும் அவர் சொல்வதுதான். சித்திரை, வைகாசியில் எடுப்புக்கூலிகூடக் கட்டவில்லை. போன தையில்தான் நல்ல விலை கிடைத்தது. கவாத்து வெட்டுவதை நான் கணக்குப் பார்த்துச் செய்ததால் வந்தது அது. வீட்டில் யாராவது ஒத்துக்கொண்டார்களா? கிடையாது.

மச்சினன் பேச்சைக் கேட்டு லோடு ஆட்டோ வாங்கினேன். தவணை கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மச்சினன் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. அண்ணன் தண்ணீர் விட்டிருந்தால் தவணையைக் கட்டியிருப்பேன்.

வீட்டிலும் மரியாதை இல்லை. ஒன்பதாவது படிக்கும் மகளை ஆடி மாதம் நாய் கடித்திருக்கிறது. மனைவி அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நாலு ஊசியும் போட்டு முடித்த பிறகு, பையில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், "உங்ககிட்ட சொன்னா யாரு தப்புன்னு ராத்திரி முழுக்கப் பேசுவீங்க, அதுக்கு ஊசியே தேவலப்பா" என்கிறாள் மகள். அம்மா சொல்லிக்கொடுத்த பேச்சு. சரி, அதை விடுங்கள், சின்னப்பிள்ளை ஏதோ பேசுகிறது. நான் கேட்க வந்தது அண்ணன் விஷயம். இப்போது குலசாமி கும்பிடக்கூட ஒன்றாகப் போவதில்லை. அவரையும் மற்றவர்களையும் எப்படி உணர வைப்பது? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

அண்ணன் கொஞ்சம் காத்திருக்கட்டும். உங்கள் மகளை நாய் எங்கே கடித்தது? காலிலா, கையிலா? கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், இல்லை. போர்வெல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது இருக்கிறது. கமிஷன் எவ்வளவு என்பது இருக்கிறது. மகள் விஷயத்தில் மட்டும், மறைத்தது யார், சொல்லிக்கொடுத்தது யார் என்பதோடு முடித்துக்கொண்டீர்கள்.

அரசு மருத்துவமனையில் அந்த ஊசியை முதல் நாள் போட்டுவிட்டு, அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் மறுபடி வரச் சொல்வார்கள். ஆக நாலு வாரம் அவள் உங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, எந்த மொட்டு இன்று தாங்கும், எது மார்க்கெட் போவதற்குள் விரிந்துவிடும் என்று பார்வையிலேயே சொல்லிவிடுகிறவர் நீங்கள். உங்கள் கண்ணில் இது படவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக நடக்காத காரியம் என்று ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பயத்தையும் நாலு ஊசியையும் உங்களிடம் சொல்லாமலே தாங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அம்மா சொல்லிக்கொடுத்த பேச்சு என்கிறீர்கள். இருக்காது. இரண்டையும் பட்டுப் பார்த்தவர் வாயில்தான் "தேவல" என்ற சொல் வரும். உங்கள் மனைவி மறைத்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன், அவரிடம் பேசினால் அதையும் கேட்பேன். ஆனால் எழுதியிருப்பது நீங்கள்.

உங்கள் குறைகள் பொய்யில்லை. முன்பணம் வாங்கிய விவசாயியின் குடுமி கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் அண்ணன் செய்தது அநியாயம். ஆனாலும் ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். தையில் விலை ஏறினால் அது உங்கள் கணக்கு, சித்திரையில் இறங்கினால் கடைக்காரர். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, தை முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் எல்லார் மல்லிக்கும்தான் விலை ஏறுகிறது. கோடையில் எல்லார் செடியும் சேர்ந்து பூத்துக் குவிகிறது, விலை விழுகிறது. நடப்பதெல்லாம் தன் கையில் என்று நினைப்பவர் யார், வெளியே இருக்கிறது என்று நினைப்பவர் யார் என்று அளந்து பார்க்க ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். உங்களை அதில் எந்தப் பக்கம் சேர்ப்பது? லாபத்துக்கு இந்தப் பக்கமும் நஷ்டத்துக்கு அந்தப் பக்கமும் நிற்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, மனசு பொதுவாக அப்படித்தான். என் வீட்டில் குழம்பு கரித்தால் நானும் உப்பைத்தான் திட்டுவேன்.

லோடு ஆட்டோ வாங்கச் சொன்னது மச்சினன், கையெழுத்துப் போட்டது நீங்கள். யோசிக்காமல் போட்டுவிட்டேன் என்று எங்காவது ஒரு வரி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் சொன்னால் மச்சினன் செய்தது சரியாகிவிடும் என்று பயப்படுகிறீர்களோ? அப்படி ஆகாது. தப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி, இனி யார் பார்ப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுவேன் என்று பல வருடமாக நிற்கிறீர்கள். நாய் கடித்த அன்று உங்கள் மனைவி அப்படி நிற்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அண்ணனை உணர வைக்க என்னிடம் வழி இல்லை. தண்ணீர் முறை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அது அவர் வேலை. என் வேலை உங்கள் மகளோடு. அப்பா சொன்ன ஒரு வார்த்தையை 46 வயதிலும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்களே, பிள்ளைகளுக்கு எது எத்தனை வருடம் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கெட் இல்லாத ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே கடித்தது, ரத்தம் வந்ததா, எந்த ஊசி ரொம்ப வலித்தது என்று கேளுங்கள். யார் வீட்டு நாய், கதவைத் திறந்து விட்டது யார் என்று நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அவள் உடனே காட்ட மாட்டாள். "ஒண்ணுமில்லப்பா, ஆறிருச்சு" என்பாள். எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கே கடித்தது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். அண்ணனைப் பற்றி அப்புறம் பேசுவோம்.